தேவியின் கை எங்கே இருந்தது

ரோஸி, இது அப்பாதான். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறாள். எனக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவு. தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கு இன்னும் தினமும் போய் லேத்தில் நிற்கிறேன், சாயங்காலம் மாடியில் உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நீ இல்லாத வீடு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். உனக்கு நான் இதற்கு முன் எப்போது கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ காய்ச்சலில் படுத்தபோதெல்லாம் எழுதிய லீவு லெட்டர்கள் வாத்தியாருக்கு எழுதியவை. உனக்கு இதுதான் முதல் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் இது. காரைக்காலில் பி.டி. டீச்சராகச் சேர்ந்து இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான கோர்ஃப்பால் போட்டிக்கு உன்னை ரெஃபரியாக நிற்கச் சொல்கிறார்கள் என்றாய். நான் பெருமையில் வாயைத் திறப்பதற்குள், “எனக்கு பயமா இருக்குப்பா, வேற யாரையாவது போட்டுக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்” என்றாய். ஏன் என்றேன். “மத்ததெல்லாம் பாத்துக்குவேன். டிஃபெண்டட் மட்டும் எப்படிப்பா பாக்கறது? கை எட்டற தூரமா இல்லையான்னு எனக்குத்தான் எப்பவுமே கண்ணளவு சரியா வராதே. நீயே சொல்லியிருக்க இல்ல?” அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாய். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் அரை மணி நேரம் பேசுகிற அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ நினைத்திருப்பாய்.

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று ரெஃபரி சொல்லும் பதில், அது சுலபம். இன்னொன்று அப்பா சொல்ல வேண்டிய பதில். அதைத் தள்ளிப்போட்டே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போதும் சுலபமானதிலிருந்துதான் தொடங்குகிறேன், கோழைகள் அப்படித்தான் தொடங்குவார்கள்.

முதலில் ஒன்று. இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் முதுகிலிருந்து பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, “ப்பா, எங்க ஸ்கூல்ல கோர்ஃப்பால்னு ஒரு புது கேம். நாலு பசங்க, நாலு பொண்ணுங்க, எல்லாரும் ஒரே டீம்” என்றாய். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “இன்னாடி இது, பசங்களோட சேந்து முட்டி மோதிக்கிட்டு?” “மோதவே கூடாதும்மா, அதான் ரூலே” என்று நீ சொன்ன வேகத்தில் கரண்டி கீழே இறங்கியது. அப்புறம் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், டி.வி. ஆன்டெனா இருந்த குழாயின் உச்சியில் அடிப்பாகம் பிய்ந்த துணிக்கூடையைக் கட்டச் சொன்னாய். பின்னால் பலகை கிடையாது, கம்பத்தைச் சுற்றி எந்தப் பக்கமிருந்தும் எறியலாம். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டும் போகக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். பையனைப் பையன்தான் மறிக்க வேண்டும், பெண்ணைப் பெண்தான் மறிக்க வேண்டும். ஒருத்தரை ஒருத்தர்தான் மறிக்கலாம், இரண்டாவது ஆள் உதவிக்கு வரக் கூடாது. இன்னொருவர் கையில் இருக்கும் பந்தைத் தட்டிவிடக் கூடாது, ஆளைத் தொடவும் கூடாது. நீ அடுக்கிக்கொண்டே போக, எனக்குப் பொறுக்கவில்லை. “அப்ப மறிக்கிறவ இன்னாதான் பண்ணுவா? நின்னு வேடிக்கை பாப்பாளா?” என்று கேட்டேன். நீ என் முன்னால் வந்து, கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையை என் மூக்குக்கு நேராகத் தூக்கி, “இப்ப எறி பாக்கலாம்” என்றாய். எறிந்தேன். அதிசயமாகப் பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது. “செல்லாது!” என்று குதித்தாய். “நான் பக்கத்துல நின்னு, உன்னைப் பாத்து, கையத் தூக்கி மறிச்சேன். மறிக்கும்போது எறிஞ்சா கோல் கிடையாது. டிஃபெண்டட்!” கூடைக்குள் விழுந்த பந்தைச் செல்லாது என்று சொல்லும் விளையாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

அடுத்த மாதமே உங்கள் பி.டி. வாத்தியார் கம்பம் செய்து தரக் கேட்டுப் பட்டறைக்கு வந்தார். மூன்றரை மீட்டர் உயரத்தில் கூடையின் விளிம்பு நிற்க வேண்டும் என்றார். நான் வெட்டிய குழாயை அவர் டேப் பிடித்துச் சரிபார்த்தார், ஒரு நூல்கூட விலகவில்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் நூல் என்போம். ஒரு நூல் கூடுதலா குறைவா என்று வெறும் கண்ணால் சொல்லிவிடுவேன் என்று தட்டாஞ்சாவடியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றி உன்னிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத்தான் தெரியும். நம் வீட்டுச் சுவரில் எந்தப் படம் கோணலாக இருந்தாலும் அப்பாவைக் கேள் என்று உன் அம்மாவே சொல்லுவாள். அதனால்தான் நான் பின்னால் சொன்ன ஒரு பொய் உன்னிடம் அப்படி ஒட்டிக்கொண்டது. அதற்கு வருகிறேன். கம்பம் நட வந்தவன் மைதானத்திலேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மைதானம்தான். ரூல் புத்தகத்தை நீ வாசித்து அர்த்தம் சொல்ல, கேட்டுக் கேட்டே ரெஃபரி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். பத்தாவதோடு நின்றவன் ஒரு பரீட்சையில் பாஸ் ஆனதற்கு அம்மா கேசரி கிண்டினாள், முந்திரியையெல்லாம் நீ பொறுக்கித் தின்றாய்.

சரி, ரெஃபரியின் பதிலைச் சொல்கிறேன். மறிப்பவள் எறிபவளைவிடக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் முகம் எறிபவளைப் பார்த்திருக்க வேண்டும். கையை நீட்டினால் எறிபவளின் நெஞ்சைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். அதோடு, பந்தைத் தடுக்க உண்மையிலேயே முயல வேண்டும், அதாவது கை மேலே வந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது கோல்தான். புதிதாக விசில் பிடிப்பவர்கள் எல்லாரும் தூரத்தை மட்டுமே பார்த்துத் தவிக்கிறார்கள். நீ முதலில் கையைப் பார். கை கீழே தொங்கிக்கொண்டிருந்தால் தூரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கோல் என்று கையைத் தூக்கிவிடு. எறிந்த பந்தின் பின்னால் கண்ணை அனுப்பாதே. பந்து விழுந்ததா இல்லையா என்பதை மைதானமே கத்திச் சொல்லும். எறியும் நொடியில் அந்த இரண்டு பேரை விட்டு உன் பார்வை அகலக் கூடாது. நிற்பது பக்கவாட்டில் நில், இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் நீ மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் தெரியும். கடற்கரைப் பக்கம் இரும்புக் குண்டு எறிந்து பெத்தாங்க் ஆடும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தாக்களை நாம் நின்று பார்ப்போமே, யார் குண்டு பக்கத்தில் கிடக்கிறது என்று சண்டை வந்தால் பையிலிருந்து டேப்பை எடுத்து, குனிந்து, பொறுமையாக அளப்பார்கள். அங்கே குண்டு அசையாமல் கிடக்கும், அளக்கலாம். இங்கே அளப்பதற்குள் எல்லாரும் வேறு வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். பார்த்ததைப் பார்த்த நொடியில் சொல்ல வேண்டியதுதான்.

மறிப்பதைப் பற்றி உனக்கு நான் ஒன்றும் சொல்லித்தர முடியாது. நீ மறித்து ஆடுவதைப் பார்த்துத்தான் எனக்கே அது என்ன வேலை என்று புரிந்தது. எதிரில் நிற்பவளின் கண்ணைப் பார்க்க மாட்டாய், பந்தையும் பார்க்க மாட்டாய், இடுப்பைப் பார்ப்பாய். “கண்ணு ஏமாத்தும்ப்பா, தோள்கூட ஏமாத்தும், இடுப்பு திரும்பாம ஆளு திரும்ப முடியாது” என்பாய். பந்து உன் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும், நீ திரும்பிப் பார்க்காமல், பின்னால் நிற்கும் பையன் கொடுக்கும் குரலை நம்பிக் காலை மாற்றிவைப்பாய். அவசரப்பட்டுக் குதிக்க மாட்டாய். ஒரு கால் முன்னே, ஒரு கை மேலே, ஆட்டம் முழுக்க ஒருத்தியை ஒரு பந்துகூட எறியவிடாமல், ஆனால் ஒரு தடவைகூடத் தொடாமல் நின்றிருக்கிறாய். பல்கலைக்கழக டீமுக்கு நீ ஆடியபோது நான் கோலுக்குக் கை தட்டியதைவிட, எதிராளி எறிய முடியாமல் பந்தைத் திருப்பிக் கொடுத்ததற்குத்தான் அதிகம் கை தட்டினேன். பக்கத்திலிருப்பவர்கள் இந்த ஆளுக்கு ஆட்டம் தெரியாதா என்று என்னைப் பார்த்தார்கள்.

வீட்டிலும் நீ ரூல் பேசியவள்தான். காரைக்கால் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று நானும் அம்மாவும் சேர்ந்து உன்னைப் பிடித்துக்கொண்டோம். “தனியா அவ்ளோ தூரம் எதுக்குடி?” என்று அவள், “ஒரு வருஷம் பாத்தா இங்கயே கிடைக்குமே” என்று நான். நீ சோற்றுக் கையை நக்கிவிட்டு, “டபுள் டிஃபென்ஸ்! யாராவது ஒருத்தர்தான் நிக்கணும்” என்றாய். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கு ரசத்த இறக்கணும், நீங்களே மறிச்சிக்குங்க” என்று என்னை மாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். தனியாக நின்று உன்னை மறிக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? பத்து நிமிஷத்தில் காரைக்கால் பஸ் எத்தனை மணிக்கு என்று நானே கேட்க ஆரம்பித்துவிட்டேன். நீ போனது சரிதான். அங்கே உன் பிள்ளைகள் உன்னை ‘மிஸ் மிஸ்’ என்று சுற்றி வரும் வீடியோவை அனுப்பினாயே, அம்மா அதைப் பக்கத்து வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள்.

இனிமேல் தள்ளிப்போட இடமில்லை. நீ ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்க, உங்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்களே, அந்த செலக்‌ஷன் மேட்ச்சைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். விசில் ஊத வேண்டியவர் காய்ச்சல் என்று வரவில்லை. பி.டி. வாத்தியார் என்னைப் பார்த்தார். “என் பொண்ணு ஆடுறா சார், நான் ஊதறது சரியில்ல” என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டதில் எனக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது. பாதி ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, வேலியோரம் நின்ற ஒருவர், எந்தப் பிள்ளையின் அப்பாவோ தெரியாது, பக்கத்திலிருந்தவரிடம், “அப்பன் வாயில விசிலு, பொண்ணு கையில பந்து. யாரு செலக்ட் ஆவான்னு கேக்கணுமா?” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இரண்டாம் பாதி முழுக்க நான் மைதானத்தில் நின்றேனே தவிர, என் மனசு அந்த வேலியோரத்தில்தான் நின்றது. உனக்கு எதிராக ஊதும்போதெல்லாம் அந்த ஆள் பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் கோல் சமம். பந்து உன்னிடம் வந்தது. உன்னை மறித்து நின்றவள் தேவி. நீ கம்பத்தைப் பார்த்து உள்ளே ஓடுவதுபோல ஒரு அடி வைத்து, சட்டென்று வெளியே நகர்ந்துவிட்டாய். தேவி ஏமாந்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். உனக்கும் அவளுக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். அவள் கை இரண்டும் கீழே இருந்தன. நீ எறிந்தாய், விளிம்பில்கூடப் படாமல் பந்து இறங்கியது. நான் பக்கவாட்டில், எந்த மறைப்பும் இல்லாத இடத்தில் நின்றிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு விசிலை ஊதி, “டிஃபெண்டட், கோல் இல்ல” என்றேன். வேலியோரத்து ஆளின் வாய் மூடிக்கொண்டது. யாரென்றே தெரியாத ஒருவரின் வாயை மூடுவதற்காக என் மகள் அடித்த கோலை நான் பிடுங்கிக்கொண்டேன். அடுத்த பந்தில் அவர்கள் கோல் போட்டார்கள், ஆட்டம் முடிந்தது. சாயங்காலம் படித்த பெயர்களில் தேவி இருந்தாள், நீ இல்லை.

அதைக்கூட ஒரு மாதிரி மறந்திருப்பேன். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது, நெல்லித்தோப்பு சிக்னலில் நின்றிருந்தோம். நீ அழவில்லை. என் தோளுக்குப் பின்னாலிருந்து, “ப்பா, தேவி கை எட்டற தூரத்துலயா இருந்தா? எனக்கு தூரமா தெரிஞ்சுதே” என்று கேட்டாய். நீ என்மேல் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது இடம் அது. நான், “இல்லம்மா, பக்கத்துலதான் இருந்தா. கையும் தூக்கியிருந்தா. உனக்குக் கண்ணளவு இன்னும் சரியா வரல, அவ்ளோதான்” என்றேன். பட்டறையில் ஒரு நூலைக் கண்ணால் பிடிப்பவன் என்று பெயர் வாங்கிய நான் சொன்னேன். நீ நம்பாமல் வேறு என்ன செய்வாய்? பச்சை விளக்கு விழுந்தது, வண்டியை எடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நீ எறிவதைக் குறைத்தாய். பந்து வந்தால் உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவாய். நல்ல இடைவெளி இருந்தாலும் ஒரு தடவை மறிப்பவளைப் பார்ப்பாய், அதற்குள் அவள் வந்துவிடுவாள். “எனக்கு எறியறது வராது, நான் மறிக்கவே ஆடறேன்” என்று நீயே வாத்தியாரிடம் சொல்லிவிட்டாய். மாடியில் மணிக்கணக்காக அம்மாவை எதிரில் நிற்கவைத்து மறித்துப் பழகினாய், பாவம் அவள் வடகத் தட்டோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருப்பாள். அடுத்த வருஷம் டீமில் எடுத்தார்கள், அப்புறம் கல்லூரி, பல்கலைக்கழகம், இப்போது வேலை. எல்லாம் நல்லபடியாக வந்ததா, நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன், அன்றைக்கு நான் ஊதாமல் இருந்திருந்தால் இவ்வளவு நல்ல டிஃபெண்டர் வந்திருப்பாளா என்று. இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. வருஷா வருஷம் பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போய், “பொய் சொன்னேன் சாமி” என்று மற்றப் பாவங்களோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன். யாரிடம், என்ன பொய் என்று அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். மூன்று பரலோக மந்திரம் சொல்லிவிட்டு, விட்டது தொல்லை என்று வெளியே வந்து டீ குடிப்பேன். சாமியிடம் சொல்லிவிட்டோமே, மகளிடம் எதற்கு என்ற நினைப்பு. என்னைப்போல ஆட்கள் செய்யும் தப்பு இது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ‘எனக்குக் கண்ணளவு சரியா வராதே’ என்று நான் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாய். ஒன்பது வருஷம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். போனை வைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும், “ஒம்போது வருஷமா இதே வீட்டுல, இதே தட்டுல சாப்புட்டுக்கிட்டு?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம், “போன்ல சொல்லாதீங்க. போன்ல நீங்க மழுப்புவீங்க, அந்தப் பொண்ணும் சிரிச்சிட்டுப் போயிடும். எழுதுங்க” என்றாள். ராத்திரி எனக்குச் சாப்பாடு போட்டாள், ஆனால் அப்பளம் வைக்கவில்லை. இன்னும் வைக்கவில்லை.

எழுத உட்கார்ந்தால் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் ஞாபகம் வளைந்திருக்காதா? உன்மேல் இருக்கும் பாசத்தில் தேவியின் கையை நானே இறக்கிவைத்துப் பார்க்கிறேனோ? இன்னொரு பொய்யைச் சொல்லி உன்னைத் தேற்றப் போகிறேனோ என்று பயமாக இருந்தது. புதன்கிழமை தட்டாஞ்சாவடியில் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்திவிட்டார்கள், பட்டறைக்கு லீவு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோரிமேட்டுக்குப் போனேன். தேவி அங்கே, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். சீட்டும் கையுமாக ஒரே கூட்டம், நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்கிள்! சுகர் மாத்திரையா? சீட்டு குடுங்க” என்று கையை நீட்டினாள். சீட்டு இல்லை, ஒன்று கேட்க வேண்டும் என்றேன். பக்கத்துப் பையனைக் கவுன்டரில் நிற்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். செலக்‌ஷன் மேட்ச் என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், அவள் முகம் மாறிவிட்டது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை ரோஸி. “அந்தக் கடைசிப் பந்துக்கு உன் கை எங்கம்மா இருந்தது?” என்று மட்டும்தான் கேட்டேன்.

“கீழதான் அங்கிள் இருந்தது. அவ உள்ள ஓடுவான்னு நெனைச்சிட்டேன், வெளிய போயிட்டா. நான் பந்தப் பாத்துக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். நீங்க டிஃபெண்டட்னு ஊதனதும் எனக்கே திக்குன்னு ஆயிடுச்சி.”

“அப்ப ஏம்மா சொல்லல?”

“ரெஃபரி ஊதிட்டா வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான அங்கிள் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?” என்றாள். “அந்த வருஷம் டீம்ல போனப்ப எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்தது. அவ எதாவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். அவ ஒருநாளும் கேக்கல. கேக்கவே மாட்டா, அவ அப்படி. நீங்க சொல்லிடுங்க அங்கிள். நான் அப்புறம் பேசறேன்.” உள்ளே போகும்போது திரும்பி வந்து, “அவ அதுக்கப்புறம் எறியறதே இல்லன்னு கேள்விப்பட்டேன். எங்கள்ல நல்லா எறியறவ அவதான்” என்றாள். நான் அந்த ரோட்டோரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு அழுதேன். ஆஸ்பத்திரிப் பக்கம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆகவே கேள். போட்டிக்கு வருகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லிவிடு. உன் பள்ளிக்கூடம் ஆடும் மேட்ச்சுக்கு மட்டும் நிற்காதே, யார் கெஞ்சினாலும், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நிற்காதே. நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது அதைத்தான். வேலியோரத்தில் யாராவது ஒருவர் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பார். பேசட்டும், அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார், நீ ஊதிய விசில்தான் ஒரு பிள்ளையோடு கூடவே போகும். நீயும் சில நேரம் தப்பாக ஊதுவாய். ஊதாத ரெஃபரி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் போய், நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடு. அன்றைக்கே சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் எத்தனை பக்கம் ஆகிறது என்று நீயே பார்.

கோபம் வந்தால் வரட்டும். ஒரு மாதம் என்னிடம் பேசாதே, அம்மாவிடம் மட்டும் பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கிறேன், உடனே தர வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இந்தக் கடிதத்தை மடிக்கும் முன்பே நம்பிவிடு. அன்றைக்குத் தூரத்தைச் சரியாகப் பார்த்தவள் நீ. நானும் சரியாகத்தான் பார்த்தேன், பார்த்ததை மாற்றிச் சொன்னேன். அது கோல், பாப்பா. நான் பார்த்தேன்.

அப்பா